ஒரு சொட்டும் ஒழுகாத பாட்டில்

இப்போதெல்லாம் மனிதர்களுக்குக் கண் முகத்தில் இல்லை, உள்ளங்கையில் இருக்கிறது. வயிறு வலித்தால் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதில்லை, போனைத் தொட்டுப் பார்க்கிறார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தால் ஜன்னலைத் திறந்து அண்ணாந்து பார்க்க ஆளில்லை. மழை வருமா என்று போனைக் கேட்கிறார்கள். அது வராது என்று சொல்லும். இவர்கள் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வருவார்கள். வந்தும் அதன் மேல் கோபம் வராது, மழை மேல்தான் வரும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அதன் பிறகு நாற்பத்திரண்டு வருஷம் குழாய் வேலை. அந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: சுவரில் ஈரம் கண்டால் சுவரைத் திட்டாதே, உள்ளே போகிற குழாயைத் தேடு. இதை என் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. என் வீடு என்றா சொன்னேன்? மகள் வீடு. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், கூடத்தை ஒட்டிக் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன பால்கனி. மகள், மாப்பிள்ளை, நான், ஒரு முயல்.

முயலை வாங்கியது மகள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு அட்டைப்பெட்டியில் உள்ளங்கையளவு கொண்டுவந்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. உட்கார்ந்தால் கழுத்து, கால் எதுவும் தெரியாமல் வாயைக் கட்டிவைத்த மூட்டை மாதிரி இருக்கும். மூட்டை என்று கூப்பிட்டேன். இப்போது அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஆண் முயல். பகலெல்லாம் மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று ஊரார் பார்வையைச் சரிபார்க்கிறாள். மாப்பிள்ளைக்கு வீட்டிலேயே வேலை. வேலை என்றால், காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துத் தலையாட்டுவது. ஆக முயலுக்குப் புல் போடுவது, அது ஒண்ணுக்குப் போகிற தட்டை மாற்றுவது, தண்ணீர் ரொப்புவது எல்லாம் என் தலையில். எனக்கு அதன் மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. சும்மா இருக்கிறவன் கையில் எதையாவது திணிப்பார்கள் இல்லையா, அப்படி.

அதன் கூண்டில் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கியது. தலைகீழாக மாட்டுவது. அடியில் ஒரு இரும்புக் குழல், குழலின் வாயில் ஒரு குண்டு. முயல் நாக்கால் குண்டைத் தள்ளினால் தண்ணீர் வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். நிற்கவில்லை. சொட்டுச் சொட்டென்று ஒழுகிக்கொண்டே இருந்தது. கூடத்துப் பலகைத் தரை அந்த இடத்தில் நனைந்த அட்டை மாதிரி உப்பிவிட்டது. மாப்பிள்ளை வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போனார். சொல்வதைவிட அது மோசம். குழாய்க்காரன் இருக்கிற வீட்டில் ஒழுகல் என்றால் ஊர் எதால் சிரிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு மத்தியானம் உட்கார்ந்து குழலைக் கழற்றினேன். குண்டு லொடலொடவென்று ஆடியது. பழைய பேனாவிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து அளவாக வெட்டி, குண்டுக்குப் பின்னால் வைத்தேன். மூடிக்குள் ரப்பர் வாஷர், மூடி திருகுகிற மரைக்கு வெள்ளை டேப் நாலு சுற்று. மாட்டிவிட்டு அடியில் செய்தித்தாளை விரித்தேன். சாயங்காலம் வரை தாள் காய்ந்தே கிடந்தது. முன்பு தினம் ஒரு பாட்டில் ரொப்பிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றே போதுமாக இருந்தது. எவ்வளவு தண்ணீர் தரைக்குப் போயிருக்கிறது பாருங்கள் என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சூப்பர் மாமா" என்றார், காதில் மாட்டியதைக் கழற்றாமலே.

இரண்டு மாதம் போயிருக்கும். தரை மறுபடியும் நனைய ஆரம்பித்தது. இந்தத் தடவை பாட்டில் இல்லை, மூட்டை.

மூன்று வருஷமாகத் தட்டைத் தவிர வேறு எங்கும் போகாத முயல் அது. இப்போது கால்மிதியில், கதவோரத்தில், சாப்பாட்டு மேசைக்கு அடியில், போகிற வழியெல்லாம் சிறுசிறு ஈரம். நானும் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அது மாப்பிள்ளையின் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கியிருக்கிறது. அவர் கவனிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா!" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், திரையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் மனிதர் அந்தரத்தில் நிற்கிறார். சிரிப்பை அடக்க நான் சமையலறைக்குள் போக வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் மகள் வந்ததும் பஞ்சாயத்து.

"வேணும்னே பண்ணுது. எனக்கும் அதுக்கும் ஆகாது, உனக்கே தெரியும்" என்றார் மாப்பிள்ளை.

"மூணு வருஷமா பண்ணாதது இப்ப ஏன் பண்ணுது?" என்றாள் மகள்.

"இத்தனை நாள் பிளான் போட்டுருக்கும்."

அவள் போனைத் தட்டினாள். ஒரு இடத்தில் கோபம் என்று போட்டிருந்ததாம், ஒரு இடத்தில் பயம், இன்னொரு இடத்தில் புற்றுநோய். கடைசியில், "தனியா இருக்கிற ஏக்கமா இருக்கலாம்ப்பா. ஜோடிக்கு இன்னொண்ணு வாங்கி விடணுமாம்" என்றாள்.

"ஒண்ணுக்கே நாற்காலி போச்சு. ரெண்டு வந்தா நான் நின்னுக்கிட்டேதான் வேலை பாக்கணும்" என்றார் அவர்.

பிரச்சினை கூண்டுக்குள் இருக்கிறது. இரண்டு பேரும் திரையைப் பார்க்கிறார்கள். நான் எழுந்து படுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் தீனி வாங்கப் போனபோது செல்லப்பிராணிக் கடைக்காரனிடம் கேட்டேன். மூன்று வருஷமாக அவனிடம்தான் தீனிப் பாக்கெட் வாங்குகிறோம். மாப்பிள்ளையும் கூட வந்திருந்தார்.

"ஆம்பிள முயல்ல, பெருசு? இடம் பிடிக்குது. இந்த வீடு என்னுதுன்னு பட்டா போடுது" என்றான் கடைக்காரன். "ஒத்து வரலைன்னா எங்கிட்ட குடுத்துடுங்க. ஊருக்கு வெளிய எனக்குக் கொட்டகை இருக்கு. நாப்பது முயல் கிடக்கு. நாப்பத்தொண்ணா அதுவும் கிடந்துட்டுப் போகட்டும்."

மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறீங்களா?" என்று அங்கேயே கேட்டுவிட்டார்.

மகளிடம் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. நாற்காலியும் வீட்டு நாற்றமும் அவள் வாயை அடைத்துவிட்டன. கழுவிய தட்டையே மறுபடி எடுத்துக் கழுவினாள், மூன்றாவது தடவையும் கழுவினாள். நான் குழாயை நிறுத்தினேன். "தண்ணி வீணாகுதும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

வியாழக்கிழமை காலை. மகள் வேலைக்குப் போய்விட்டாள். நான் கூண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மூட்டை தட்டுக்குள் ஏறியது. வாலைத் தூக்கியது. முதுகைக் கூனிக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அப்படியே இருந்தது. ஒன்றும் வரவில்லை. இறங்கி இரண்டடி வைத்தது, திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தது. உடம்பு நடுங்க முக்கியது. இறங்கி நடக்கும்போது தரையில் நாலு சொட்டு.

அந்த உட்காரல் எனக்குத் தெரியும். அறுபது தாண்டிய எந்த ஆம்பிளைக்கும் தெரியும். உயிர் போகிற மாதிரி ஓடுவது, போனால் வராது, சுவரில் பதித்த கற்களை எண்ணிக்கொண்டு நிற்பது, சரி தொலையட்டும் என்று திரும்பினால் துணியில் நாலு சொட்டு. பட்டா போடுகிறவன் இப்படியா முக்குவான்? அவன் அங்கங்கே பீய்ச்சிவிட்டு ராஜா மாதிரி போக மாட்டானா?

தூக்கி மடியில் மல்லாத்திப் பார்த்தேன். தொடை இடுக்கெல்லாம் ஈரம், மயிர் திரிதிரியாக ஒட்டிக்கிடந்தது, அடியில் தோல் வெந்நீர் பட்ட மாதிரி சிவந்திருந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. தரையில் நேற்றுக் காய்ந்த இடத்தைப் பார்த்தேன். வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் நறநறவென்று மாவு. எத்தனை வெந்நீர்க் குழாய்களை அறுத்து உள்ளே பார்த்திருக்கிறேன், அதே சுண்ணாம்பு.

"மாப்பிள்ளை, இது திமிரு இல்ல. அடைப்பு" என்றேன்.

"மாமா, அது வாஷ்பேசின் இல்ல. முயல்."

"உள்ள போறதும் வெளிய வர்றதும் எல்லாத்துக்கும் குழாய்தான்."

"ஞாயித்துக்கிழமை கடைக்காரர்கிட்ட சொல்லுங்க, அவர் பாத்துப்பார்" என்று காதில் மாட்டிக்கொண்டார்.

நேற்று ராத்திரி போட்ட புல் அப்படியே கிடந்தது. அதை நான் அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் காதை வைத்தால், மூலையில் ஒண்டிக்கொண்டு பல்லைக் கடிக்கிற சத்தம். தின்கிற சத்தம் வேறு, இது வேறு. மகளைக் கூப்பிட்டேன்.

"புல்லைத் தொடலையா? அய்யோ, முயல் ஒரு வேளை திங்கலைன்னாலே விடக் கூடாதுப்பா. இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. தீனிப் பாக்கெட், தண்ணி பாட்டில் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, கேப்பாங்களாம்."

"போன் சொல்லிச்சா?"

"ஆமா."

"சரி" என்றேன். அழுகிற பெண்ணிடம் வாதாடுகிறவன் நானில்லை.

கூடையில் துண்டை விரித்து மூட்டையை வைத்துக்கொண்டு தெருமுனை மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்தவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "நாய், பூனை மட்டும்தாங்க பாக்கிறோம்."

"இதுக்கும் நாலு கால்தானே?"

"முயலுக்கு ஆகாத மருந்து நிறைய இருக்குங்க. தெரியாம குடுத்துட்டா போயிடும். பாக்கத் தெரிஞ்சவங்ககிட்ட போங்க."

வாசலில் போட்டிருக்கிற போர்டில் முயல் படம் இருக்கிறது. கேட்டால், அது போர்டு எழுதினவர் போட்டது என்கிறார். நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு வீட்டுக்காவது போய், சமையலறைக் குழாய்தான் பார்ப்பேன், குளியலறைக் குழாய் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருப்பேனா?

இரண்டு பஸ் மாறி, முயல் பார்க்கிற இன்னொரு ஆஸ்பத்திரி. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் நிமிராமல், "போன்ல பதிஞ்சீங்களா?" என்றாள்.

"நேர்ல வந்திருக்கேனேம்மா."

"பதியணும் தாத்தா. சரி, பேஷண்ட் பேரு?"

"மூட்டை."

"முழுப் பேரு?"

"மூட்டைக்கு எங்கம்மா முழுப் பேரு?"

"ஓனர் யாரு?"

"மாப்பிள்ளை பேரைப் போட்டுக்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவருதான்."

ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். மூட்டை பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து போய், "இது சாகுதும்மா, பதிஞ்சவங்க அப்புறம் வரட்டும்" என்று நான் சத்தம் போட்ட பிறகுதான் கதவு திறந்தது.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. இந்த வயசில் என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். துண்டால் முயலைச் சுற்றி, ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் ஒரு கையைப் பின்பக்கத்துக்கும் கொடுத்துத் தூக்கிய விதத்தில் கொஞ்சம் சமாதானமானேன். விரல் நுனியால் அடிவயிற்றை மெல்லத் தடவினார்.

"மூத்திரப்பை நெறைஞ்சு கிடக்கு ஐயா. பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கு."

எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். கறுப்புப் படத்துக்கு நடுவில் கோழிமுட்டை மாதிரி பளிச்சென்று ஒரு வெள்ளை.

"கல்லா?"

"கல்லா இருந்தா விளிம்பு தனியாத் தெரியும். இது சேறு. மத்த மிருகம் தேவையான சுண்ணாம்புச் சத்தை மட்டும் தீனியிலேர்ந்து எடுத்துக்கும். முயல் அப்படி இல்ல, வர்றதை எல்லாம் உள்ள இழுத்துட்டு, மிச்சத்தை மூத்திரத்துல தள்ளும். நல்லா இருக்கிற முயலுக்கே கலங்கலாதான் போகும். தண்ணி பத்தலைன்னா அந்தக் கலங்கல் அடியில தங்கிக் கெட்டியாயிடும்."

"ஓட்டம் குறைஞ்சா வண்டல் தங்கும். எனக்குத் தெரியாதா?"

"அதேதான்! தண்ணி எதுல குடிக்கிறான்?"

பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தேன். "ஒரு சொட்டு ஒழுகாது. நானே ரிப்பேர் பண்ணினது."

அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, குண்டை விரலால் தள்ளினார். நெற்றியைச் சுருக்கினார். இன்னும் அழுத்தித் தள்ளினார். ஒரு சொட்டு வந்தது. விட்டுவிட்டு மறுபடி தள்ளினார். இன்னொரு சொட்டு.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை ரொப்புறீங்க?"

"முன்னாடி தினம் ஒண்ணு. இப்ப வாரத்துக்கு ஒண்ணு போதும்."

டாக்டரம்மா பாட்டிலை மேசை மேல் வைத்தார். பிறகு, "ஐயா, ஒழுகினது பாதி இருக்கும். மீதி அவன் குடிச்சது" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தாகம் எடுத்தா குடிக்க மாட்டானா? நாக்கு இல்லையா?"

"நூறு தடவை தள்ளி நாலு மடக்குதான் கிடைக்கும்னா, நீங்க எத்தனை தடவை தள்ளுவீங்க?"

"அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லையே."

இதற்குப் போய் அந்தம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒழுகுகிற சாமானை ஒழுகாமல் செய்ததைக் குற்றம் என்று சொல்கிற ஆளை என் சர்வீஸில் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

பிறகு தீனிப் பாக்கெட்டை வாங்கி, பின்பக்கம் எறும்பு மாதிரி அச்சடித்திருந்ததைப் படித்தார். "இது குட்டிங்களுக்கு ஐயா. எலும்பு வளர்றதுக்காகச் சுண்ணாம்பு ஜாஸ்தி போட்டது. மூணு வயசு முயலுக்கு எதுக்கு இது?"

"பாத்தீங்களா! தீனி! கடைக்காரன் குடுத்தது. இதுதான் காரணம்."

"ரெண்டும்தான் ஐயா."

ரெண்டும் என்று ஒரு பதில் உண்டா? ஒரு வீட்டில் ஒழுகல் என்றால், இந்த இணைப்பு என்று விரல் வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். ரெண்டும் என்று சொல்லிவிட்டு நான் ஒரு வீட்டிலிருந்தாவது வெளியே வந்திருக்க முடியுமா?

பிடரித் தோலைத் தூக்கி அதற்கு அடியில் ஊசியால் தண்ணீர் ஏற்றினார்கள். தோளில் ஒரு திமில் எழும்பி மெல்ல வடிந்தது. வலிக்கு மருந்து கொடுத்தார்கள். மூத்திரத்தில் ஒரு காகிதத் துண்டை நனைத்து, ரத்தமும் கிருமியும் இல்லை என்றார்கள். மயக்கம் கொடுத்து, குழல் விட்டுப் பையைக் கழுவ வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"கையால அமுக்கி எடுத்துடலாமே?"

"வழி அடைச்சிருக்கும்போது அமுக்கினா பை கிழிஞ்சிடும். ஆனா நீங்க இன்னிக்கே கொண்டுவந்தது நல்லதாப் போச்சு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா முழுசா அடைச்சு, ஒண்ணும் பண்ண முடியாம போயிருக்கும்."

இரண்டு நாள் என்றால் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கடைக்காரன் வந்து எதை எடுத்துப் போயிருப்பான்?

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா, கடைக்காரர் ஞாயிறு பத்து மணிக்கு வர்றாராம்."

"நோயில கிடக்கிறதை எப்படி மாப்பிள்ளை குடுக்கிறது?"

"சரியானதும் குடுக்கலாம்."

"சரியானதும் எதுக்குக் குடுக்கணும்?"

"மீட்டிங் வருது மாமா" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் காட்டினார்கள். சுவருக்குப் பூசுகிற பட்டி மாதிரி கெட்டியாக, வெள்ளையாக, அரைக் கிண்ணம். இத்தனையையும் வைத்துக்கொண்டா அந்தச் சின்ன உடம்பு கூடத்தைச் சுற்றி வந்தது? மயக்கம் தெளியாமல் காதைத் தொங்கப்போட்டுக் கிடந்த மூட்டையைப் பார்த்தேன். வாய் வரைக்கும் ஏதோ வந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா மருந்துச் சீட்டை நீட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

மயக்கம் தெளிந்ததும் வீட்டுக்குத் தூக்கிவந்து, சொன்னதெல்லாம் செய்தேன். நம்பிச் செய்தேன் என்று சொல்லவில்லை, செய்தேன். தண்ணீருக்குக் கனமான பீங்கான் கிண்ணம், கவிழாதது. கீரையைக் கழுவி உதறாமல் அப்படியே சொட்டச் சொட்டப் போட வேண்டும். காய்ந்த புல் எந்நேரமும் மலை மாதிரி கிடக்க வேண்டும். குட்டித் தீனி குப்பைக்கு. கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு அதைக் கூடமெல்லாம் ஓடவிட வேண்டும், ஒரே இடத்தில் குந்தியிருந்தால் சேறு தங்குமாம். வெந்த இடத்தை வெதுவெதுப்பான துணியால் ஒற்றித் துடைத்து, ஈரமில்லாமல் காயவைத்து, களிம்பு தடவ வேண்டும். தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டிவிடக் கூடாது. மருந்தைக் கடைவாய் ஓரமாக விட வேண்டும், காலையும் சாயங்காலமும். பாதி மருந்து என் சட்டையில்.

வெள்ளிக்கிழமை முழுதும் அது முக்கிக்கொண்டே இருந்தது, பற்பசை பிதுங்குகிற மாதிரி ஒரு வெள்ளை வந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்தாள். "அதுல என்ன தெரியுது? இங்க பாரு" என்று எரிந்து விழுந்தேன். போனைக் கீழே வைத்தாள். அதுவரைக்கும் லாபம்.

சனிக்கிழமை காலை கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மூட்டை வந்து முகத்தைக் கவிழ்த்தது. சளப் சளப் என்று குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. நான் செய்தித்தாளில் ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டி முடிக்கிற வரைக்கும் தலையைத் தூக்கவில்லை. தாடியில் நீர் சொட்ட என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கவிழ்ந்தது. சாயங்காலத்துக்குள் கிண்ணம் இரண்டு தடவை காலி. மருந்து அப்படி இழுக்கும். காரமான மருந்தாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கடைக்காரன் கூடையோடு வந்தான். நான் குப்பையிலிருந்து எடுத்துவைத்திருந்த பாக்கெட்டோடு கதவருகிலேயே நின்றேன்.

"குட்டிங்க தீனியை எதுக்குய்யா குடுத்தே?"

"வளர்ற முயலுக்குச் சத்துன்னு..."

"மூணு வருஷமா வளருதா? முயலா, யானையா?"

"பெருசு, நீங்க குட்டியைத் தூக்கிட்டு வந்து கேட்டீங்க, குடுத்தேன். அப்புறம் அதே பாக்கெட்டையே நீங்கதானே கேட்டு வாங்கினீங்க?"

"உன் கடையில கேட்டா நீ சொல்ல வேண்டாமா?"

"நீங்க எங்க என்னைப் பேசவிட்டீங்க?"

மாப்பிள்ளை நடுவில் வந்து நின்றார். "விடுங்க மாமா, எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். மகள் சமையலறை வாசலைவிட்டு வரவில்லை.

மூட்டை பால்கனியிலிருந்து வந்தது. எங்கள் கால்களுக்கு நடுவில் புகுந்து, கூண்டுக்குள் போய்த் தட்டில் ஏறியது. வாலைத் தூக்கியது. நாங்கள் நாலு பேரும் எட்டிப் பார்த்தோம். சர்ரென்று ஒரே ஓட்டம். நடுவில் நிற்கவில்லை, முக்கவில்லை. மோர் நிறத்தில் கலங்கலாக, ஆனால் தண்ணியாக. முடித்துவிட்டுப் பின்னங்காலை ஒரு உதறு உதறி இறங்கி, நேராகப் புல்லுக்குப் போனது.

எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைப் பார்த்தார். "வியாழக்கிழமை மாமா சொன்னப்ப நான் கேக்கலை" என்றார் மகளைப் பார்த்து. கடைக்காரனிடம் திரும்பி, "வேணாங்க. இது இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் நல்ல மனிதர். கடைக்காரன் படி இறங்கினதும் இங்கே திரும்பி, "அப்ப பாட்டில்தான் காரணமா மாமா?" என்றார்.

"தீனி" என்றேன்.

"டாக்டர் ரெண்டும்னு போன்ல சொன்னாங்கன்னு இவ சொன்னாளே?"

"டாக்டரம்மாவுக்கு முயல் தெரியும். வால்வு தெரியாது."

மகள் பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் போடப் போனாள். பிடுங்கிக்கொண்டேன். நல்ல சாமானைக் குப்பையில் போடுகிற பழக்கம் எனக்கில்லை.

திங்கட்கிழமை காலை பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் பிடித்து, குளியலறையில் துணி மாட்டுகிற கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். அடியில் காய்ந்த வாளி, வாளிக்குள் ஒரு செய்தித்தாள். மாப்பிள்ளை குளிக்கப் போகும்போது தொடக் கூடாது என்று சொல்லிவைத்தேன். மத்தியானம் பார்த்தேன், தாள் காய்ந்திருந்தது. நாலு மணிக்குப் பார்த்தேன், அப்படியே. மகள் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கூட்டிப் போனேன்.

"தொட்டுப் பாரு."

குனிந்து தாளைத் தொட்டாள்.

"காலையிலேர்ந்து தொங்குது. எவ்வளவு ஒழுகியிருக்கு?"

"ஒண்ணும் ஒழுகலைப்பா."

"ஒழுகலைல்ல? வேலையில குறை இருக்கா?"

"வேலையில குறையே இல்லைப்பா" என்றாள். "அதைத்தான் அந்த டாக்டரும் சொன்னாங்க."

கூடத்தில் மூட்டை கிண்ணத்தில் குடிக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை. இந்த வெயிலுக்கு எந்த உயிரும் குடிக்கத்தான் செய்யும். அவளோடு பேசி என்ன ஆகப் போகிறது? பாட்டிலை அங்கேயே தொங்கவிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். கீழே வாசல் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள், வருகிறார்கள். இறுக்கி மூடிவிட்டு நடந்தேன்.